நடுங்கும் கையும் அதிரும் இருக்கையும்: திரையில் குறி தவறாமல் இருக்கச் சில வழிகள்

மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு முன்பே இன்று பல வேலைகள் திரையில் முடிந்துவிடுகின்றன. முன்பதிவு, பரிசோதனை முடிவு, கட்டணம், காணொளி வழி ஆலோசனை ஆகிய ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு சிறிய பொத்தானை அழுத்துவதில்தான் வந்து நிற்கின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிச் செயலிகளை வடிவமைப்போருக்குப் பரிந்துரைக்கப்படும் பொத்தான் அளவு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். கை நடுங்குபவருக்கும், ஓடும் பேருந்தில் அமர்ந்திருப்பவருக்கும், சக்கர நாற்காலியில் செல்பவருக்கும் அந்த இடத்தைச் சரியாகத் தொடுவது எளிதன்று.

எங்கள் பிரிவுக்கு வரும் குடும்பங்களில் நாங்கள் அடிக்கடி காணும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நோயாளியின் விரல் இரண்டு முறை தவறான இடத்தில் படுகிறது. மூன்றாம் முறை அவர் முயலும் முன்பே, “இங்க குடுங்கப்பா, நான் பண்ணித் தர்றேன்” என்று மகனோ மகளோ கைபேசியை வாங்கிக்கொள்கிறார்கள். அன்பினால் செய்யப்படுவதே அது. ஆயினும் நாளடைவில் வங்கிக் கணக்கு, நண்பர்களுடனான செய்திப் பரிமாற்றம், மருத்துவரிடம் தனியாகக் கேட்க நினைத்த கேள்வி ஆகிய அனைத்தும் மற்றவர் கைக்குப் போய்விடுகின்றன. நடுக்கத்தை முழுவதும் நிறுத்த இயலாத நிலையிலும், அந்த நடுக்கம் திரைக்குள் புகாமல் பெருமளவு தடுக்க முடியும். அதற்கான வழிகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

உள்ளிருந்து வரும் அதிர்வும் வெளியிலிருந்து வரும் அதிர்வும்

கையை அசைப்பவை இரண்டு. ஒன்று உடலின் உள்ளிருந்து எழும் நடுக்கம். பார்க்கின்சன் நோயில் கை ஓய்ந்திருக்கும்போது தோன்றும் நடுக்கம் பொதுவாக விநாடிக்கு 4 முதல் 6 முறை வரை இருக்கும். எசென்ஷியல் ட்ரெமர் எனப்படும் நடுக்கம் விநாடிக்கு 4 முதல் 12 முறை வரை இருக்கலாம். நோய் ஏதும் இல்லாதவரின் கையிலும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு மெல்லிய நடுக்கம் எப்போதும் உண்டு.

மற்றொன்று வெளியிலிருந்து வருவது. பேருந்தின் எஞ்சின், சாலையின் குண்டு குழி, ரயிலின் ஆட்டம், சக்கர நாற்காலி தரை ஓட்டின் இணைப்புகளைக் கடக்கும்போது எழும் தடதடப்பு ஆகியவை இருக்கை வழியாக முதுகுக்கும் தோளுக்கும் ஏறுகின்றன. அமர்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமாக விநாடிக்கு ஏறத்தாழ 5 முறை குலுக்கப்படும்போது, அந்த அதிர்வை அடக்குவதற்குப் பதிலாகப் பெருக்கிவிடும். அதனால்தான் சில வண்டிகளில் எவ்வளவு முயன்றாலும் கை நிலைகொள்வதில்லை.

இவ்விரு வகை அசைவுகளுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. இரண்டுமே விரைவானவை. நாம் வேண்டுமென்றே கையை நகர்த்தி ஓர் இடத்தைச் சுட்டும் அசைவோ மெதுவானது; அது பெரும்பாலும் விநாடிக்கு 2 முறைக்குக் குறைவான வேகத்திலேயே அமைகிறது. விரைவானதைத் தடுத்து மெதுவானதை மட்டும் உள்ளே விட்டால், நாம் விரும்பிய அசைவு மட்டும் திரையை அடையும். கையை எதன்மீது ஊன்றுவது என்பதிலிருந்து கணினியில் எந்த அமைப்பை மாற்றுவது என்பது வரை, கீழே நாங்கள் கூறும் யோசனைகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

கப்பலுக்காகப் பிறந்த பந்து

மேசைமீது நகர்த்தும் மவுஸ் தோன்றுவதற்கு முன்பே, உள்ளங்கைக்கு அடியில் உருட்டும் பந்து தோன்றிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படைக்கான ராடார் திட்டம் ஒன்றில் பணியாற்றிய ரால்ஃப் பெஞ்சமின் என்ற பொறியாளர் 1946ஆம் ஆண்டில் அத்தகைய பந்துக் கருவியை வடிவமைத்தார். அது இராணுவ இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. 1952ஆம் ஆண்டில் கனடாவின் கடற்படைக்காக உருவாக்கப்பட்ட டேட்டார் என்ற அமைப்பிலும் அதே கருத்து தனியே உருவெடுத்தது. அங்கே அவர்கள் பயன்படுத்தியது, கனடாவில் விளையாடப்படும் ஐந்து கட்டை பௌலிங் விளையாட்டின் பந்து. டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் அமெரிக்காவில் மரப்பெட்டி வடிவிலான முதல் மவுஸை உருவாக்கியது 1964ஆம் ஆண்டில்தான்.

கப்பல் ஆடும் இடம். அங்கே மேசைமீது தளர்வாக நகரும் பொருள் ஒன்றை நம்ப முடியாது. பந்துக் கருவியின் உடல் மேசையோடு பிணைந்திருக்கும். மணிக்கட்டு அதன்மீதே ஊன்றியிருக்கும். விரல்கள் பந்தை மட்டும் உருட்டும். கப்பல் சாய்ந்தால் மேசை, கருவி, கை ஆகிய மூன்றும் ஒன்றாகச் சாயும். அவற்றுக்கிடையே வேண்டாத அசைவு குறைகிறது. ஏர்பஸ் ஏ380 விமானத்தின் விமானி அறையில் திரைக்குறியை நகர்த்தும் கருவியிலும் இத்தகைய பந்து இடம்பெற்றுள்ளது. நம் மருத்துவமனையின் ஸ்கேன் அறைக்குச் சென்றவர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். அல்ட்ராசவுண்ட் கருவியின் பலகையில் மருத்துவர் ஒரு கையால் உருட்டும் பந்து இந்த வகையைச் சேர்ந்ததே. மற்றொரு கை நோயாளியின் உடல்மீது கருவியைப் பிடித்திருக்க, பந்தின்மேல் உள்ள கை இடம் பெயராமல் வேலை செய்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் கைபேசிக்கும் பொருந்தும்: கையும் கருவியும் ஒரே தளத்தில் ஊன்றியிருக்க வேண்டும். காற்றில் தொங்கும் கையே அதிகம் தவறுகிறது.

எந்தக் கருவி யாருக்கு?

மவுஸ்: முழங்கை முதல் விரல்வரை முழுக் கையும் நகர வேண்டிய கருவி இது. நடுக்கம் குறைவாக உள்ளவர்கள், முன்கை முழுவதும் மேசைமீது படும்படி அமர்ந்தால் இதை நன்றாகவே பயன்படுத்தலாம். சற்றுக் கனமான, பெரிய மவுஸ் சிலருக்கு உதவும். ஓடும் வண்டியில் இது பொருந்தாது.

டிராக்பால்: மேலே கூறிய பந்துக் கருவியின் இன்றைய வடிவம். கணினிக் கடைகளில் கிடைக்கிறது. பந்து பெரிதாக இருப்பதும், எளிதில் தானே உருளாமல் சற்று இறுக்கமாக இருப்பதும் நல்லது. இதன் தனிச்சிறப்பு, சுட்டுவதையும் அழுத்துவதையும் பிரித்துவிடலாம் என்பதாகும். அம்புக்குறியை உரிய இடத்தில் கொண்டு நிறுத்திய பின் பந்திலிருந்து விரலை எடுத்துவிடலாம்; அம்புக்குறி அங்கேயே நிற்கும். பிறகு அமைதியாகப் பொத்தானை அழுத்தலாம். தேவையானால் மற்றக் கையாலும் அழுத்தலாம்.

விசைப்பலகை நடுவில் உள்ள சிறு குமிழ்: சில மடிக்கணினிகளில் காணப்படும் இது, நகர்வதில்லை, தள்ளும் விசையை மட்டும் உணர்கிறது. கை ஊன்றியபடியே இருப்பதால் ரயில் பயணத்தில் சிலருக்கு வசதியாக இருக்கும். விரலில் வலிமை குறைந்தவர்களுக்கு இது களைப்பைத் தரும்.

டச்பேட்: மடிக்கணினியின் இப்பகுதி மிக மெல்லிய தொடுதலையும் உணர்வதால், நடுங்கும் விரல் பட்டவுடன் அதை அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். தட்டினால் கிளிக் ஆகும் வசதியை அணைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் மட்டும் கிளிக் ஆகும்படி வைப்பது நல்லது.

தொடுதிரை: கைபேசி, டேப்லெட் ஆகியவை. கையை நீட்டித் தொடும்போது தோளிலிருந்து விரல்நுனிவரை எந்த ஊன்றுகோலும் இல்லை. ஆகவே அதிர்வு முழுமையாக விரலை அடைகிறது. ஆனால் கைபேசியை மேசைமீது வைத்து, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை ஓரத்தை அதன் விளிம்பில் ஊன்றி, ஒரே விரலை மட்டும் அசைத்தால் நிலைமை வெகுவாக மாறும்.

நோய்க்கேற்ற வேறுபாடு

எல்லா நடுக்கமும் ஒன்றன்று. ஒருவருக்கு உதவியது மற்றவருக்கு உதவாமல் போவதன் காரணம் இதுவே.

பார்க்கின்சன் நோயில் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது மிகுதியாகவும், வேலையில் ஈடுபடும்போது குறைவாகவும் இருக்கும். எனவே சுட்டுவதைவிட, மவுஸ்மீது கை சும்மா இருக்கும் நேரமே சிக்கலானது. அப்போது வேண்டாத கிளிக்குகள் விழும். படிக்கும்போது கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அசைவு மந்தமாகிவிடுவதால் இரட்டைக் கிளிக் செய்வதும் கடினமாகலாம். அதன் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். லெவோடோபா மருந்து நன்கு வேலை செய்யும் நேரத்தையும் அது குறையும் நேரத்தையும் நீங்களே அறிவீர்கள். வங்கி வேலை, படிவம் நிரப்புதல் போன்றவற்றை முதலாவது நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவர்களுக்கு இதற்கு நேர்மாறு. கையை நீட்டும்போதும் வேலை செய்யும்போதும் நடுக்கம் எழும். இவர்களுக்கு முன்கை ஊன்றலும் டிராக்பாலும் பெரிதும் உதவக்கூடும்.

சிறுமூளை பாதிப்பால் வரும் நடுக்கத்தில் இலக்கை நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். இவர்களுக்குத் துல்லியமாகச் சுட்டும் தேவையையே குறைப்பதுதான் சிறந்த வழி. பெரிய பொத்தான்கள், விசைப்பலகை வழியாக நகர்தல், குரல்வழிக் கட்டளை ஆகியவற்றை முதலில் முயன்று பார்க்கச் சொல்கிறோம்.

இவை தவிர, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால், வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட், மனநல சிகிச்சையில் பயன்படும் லித்தியம் போன்ற மருந்துகளாலும், தைராய்டு மிகைச் சுரப்பாலும் கை நடுங்கலாம். மிகுதியான காபி, தூக்கக் குறைவு, பதற்றம் ஆகியவை எந்த நடுக்கத்தையும் கூட்டும். மருந்தால் நடுக்கம் என்று தோன்றினால் மருத்துவரிடம் கூறுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

கணினியிலும் கைபேசியிலும் செய்துகொள்ளத்தக்க மாற்றங்கள்

பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையின் அடிப்படையாக விளங்குகிறது. இலக்கு தொலைவில் இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் அதை எட்டுவதற்கு ஆகும் நேரம் கூடும் என்பது அதன் சாரம். ஆகவே முதல் வேலை, இலக்கைப் பெரிதாக்குவது.

கணினியில் எழுத்து, சின்னம் ஆகியவற்றின் அளவைக் கூட்டுங்கள். இணையப் பக்கத்தைக் கண்ட்ரோல் விசையுடன் கூட்டல் குறியை அழுத்திப் பெரிதாக்கலாம். விண்டோஸ் கணினியில் மவுஸ் அமைப்புகளுக்குச் சென்று அம்புக்குறியின் வேகத்தைக் குறையுங்கள். கையின் வேகத்துக்கேற்ப அம்புக்குறியைப் பாயச் செய்யும் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள். விரைவான நடுக்கம் பெருக்கப்படுவது குறையும். பொத்தானைப் பிடித்தபடியே இழுக்க முடியாதவர்களுக்கு ‘கிளிக்லாக்’ என்ற வசதி உண்டு. பொத்தானைச் சற்று நேரம் அழுத்தி விட்டால், பிடித்திருப்பதாகவே கணினி கொள்ளும். கேள்விப் பெட்டி தோன்றியவுடன் அம்புக்குறியைத் தானாகவே ‘சரி’ என்ற பொத்தானுக்குக் கொண்டு செல்லும் வசதியும் உள்ளது. தவறுதலாகக் கிளிக் விழும் பழக்கம் உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தாதிருப்பதே பாதுகாப்பு.

மவுஸே வேண்டாம் என்பவர்களுக்கு ‘மவுஸ் கீஸ்’ உதவும். இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம்லாக் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் இது இயங்கும். அதன்பின் எண்பலகையின் 8 மேலே, 2 கீழே, 4 இடப்புறம், 6 வலப்புறம் அம்புக்குறியை நகர்த்தும். 5 கிளிக் ஆகும். இது மெதுவானது, ஆனால் நடுக்கம் அம்புக்குறியை அசைப்பதில்லை. ஒரே விசை பலமுறை பதிவாவதைத் தடுக்க ‘ஃபில்டர் கீஸ்’ என்ற வசதி உண்டு. விசைகளுக்கு மேல் துளையிட்ட தகட்டைப் பொருத்தினால், கையை அத்தகட்டின்மேல் ஊன்றியபடி ஒரு விசையை மட்டும் அழுத்தலாம்.

நடுக்கத்தை வடிகட்டும் மென்பொருள்களும் உள்ளன. 2005ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம், மவுஸுக்கும் கணினிக்கும் இடையே பொருத்தும் சிறு கருவி ஒன்றை அறிமுகப்படுத்தியது. கேமராவில் படம் ஆடாமல் இருக்கச் செய்யும் நுட்பத்தைப் போன்று, விரைவான அசைவை விலக்கி மெதுவான அசைவை மட்டும் கணினிக்கு அனுப்புவது அதன் பணி. இன்று ஸ்டெடிமவுஸ் போன்ற மென்பொருள்கள் அதே வேலையைக் கூடுதல் கருவி இன்றிச் செய்கின்றன.

கைபேசியில், செட்டிங்ஸ் பகுதியில் உள்ள ‘ஆக்சசிபிலிட்டி’ என்ற தலைப்பைத் திறங்கள். ஐபோனில் ‘டச் அக்காமடேஷன்ஸ்’ என்பதன் கீழ், விரல் எவ்வளவு நேரம் தொட்டிருந்தால் அழுத்தமாகக் கொள்ள வேண்டும் என்பதையும், அடுத்தடுத்து விழும் தொடுதல்களைப் புறக்கணிப்பதையும் அமைக்கலாம். சாம்சங் கைபேசிகளிலும் இவ்வாறே தொடும் நேரத்தை நிர்ணயிக்கவும், மீண்டும் மீண்டும் படும் தொடுதலைத் தவிர்க்கவும் இடமுண்டு. கைபேசியின் வகையையும் பதிப்பையும் பொறுத்துப் பெயர்கள் சற்று மாறலாம். செய்தி எழுதுவதற்குக் கூகுள் விசைப்பலகையின் மைக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் அது எழுத்தாகும்.

செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. பெரும்பாலான பொத்தான்கள், விரல் தொடும்போது அல்லாமல் விரலை எடுக்கும்போதே இயங்குகின்றன. மவுஸ் கிளிக்கும் அவ்வாறே. தவறான பொத்தானில் விரல் பட்டுவிட்டால் பதறி எடுத்துவிடாதீர்கள். விரலைத் திரையிலேயே வைத்தபடி வெற்றிடத்துக்கு நகர்த்தி, பிறகு எடுங்கள். பெரும்பாலும் அந்த அழுத்தம் ரத்தாகிவிடும்.

பயணத்திலும் சக்கர நாற்காலியிலும்

மருத்துவமனைக்கு வரும் வழியில் கைபேசியைப் பயன்படுத்த நேர்ந்தால், முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மடியில் ஒரு பையை வைத்து, அதன்மேல் இரு கைகளையும் ஊன்றிக் கைபேசியைப் பிடியுங்கள். ஒரு கை கைபேசியைப் பிடிக்க, மற்றக் கையின் கட்டைவிரல் கைபேசியின் ஓரத்தைப் பற்றியிருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் தொடட்டும். அப்போது விரலும் திரையும் சேர்ந்தே ஆடும். இடையே உள்ள வேறுபாடு குறையும். வண்டி நிற்கும் நேரத்தில் அழுத்துவது இன்னும் நல்லது.

பணம் அனுப்புதல், யுபிஐ இரகசிய எண்ணை இடுதல், மருந்து ஆர்டர் செய்தல், ஒப்புதல் படிவத்தில் ‘சம்மதம்’ என்பதை அழுத்துதல் ஆகியவற்றை ஓடும் வண்டியில் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தொகையில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டால் அதை மீட்பது எளிதன்று. இறங்கிய பின், மேசை ஒன்றின் அருகே அமர்ந்து செய்யுங்கள்.

வண்டியில் திரையைப் பார்த்தால் குமட்டல் வருவது பலருக்கு இயல்பு. அசையாத திரையைக் கண் பார்த்திருக்க, உட்காது அசைவை உணர்வதால் எழும் முரண்பாடே அதற்குக் காரணம். கீமோதெரபி பெறுபவர்களும் தலைச்சுற்றல் உள்ளவர்களும் பயணத்தில் திரையைத் தவிர்த்துத் தொலைவில் உள்ள காட்சியைப் பார்ப்பதே நல்லது.

மின்சக்கர நாற்காலி பயன்படுத்துவோர், கைபேசியை நாற்காலியின் சட்டத்தோடு உறுதியாகப் பொருத்தும் குட்டையான தாங்கியைத் தேர்ந்தெடுங்கள். தாங்கியின் கை நீளமாக நீளமாக அதன் நுனியில் ஆட்டம் பெருகும். கையின் ஊன்றலை நாற்காலியின் கைப்பிடியிலேயே வைத்துக்கொள்ளும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். சில மின்சக்கர நாற்காலிகளின் ஜாய்ஸ்டிக்கையே புளூடூத் வழியாகக் கணினியின் மவுஸாகப் பயன்படுத்தலாம். ஜாய்ஸ்டிக்கில் கை நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பும் சில வகைகளில் உண்டு. அதை விற்பனையாளரின் தொழில்நுட்பப் பணியாளர்தான் மாற்றித்தர வேண்டும்; கேட்டுப் பாருங்கள். நாற்காலி நகரும்போது திரையைத் தொடாதிருப்பது முதன்மையான விதி.

வீட்டிலேயே ஒரு சிறு சோதனை

கைபேசியில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து, 1 முதல் 9 வரை வரிசையாக அழுத்துங்கள். முதலில் கைபேசியை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி. அடுத்து முழங்கைகளை மேசையில் ஊன்றி. மூன்றாவதாகக் கைபேசியை மேசைமீது ரப்பர் விரிப்பில் வைத்து, உள்ளங்கை ஓரத்தை அதன் விளிம்பில் ஊன்றி. ஒவ்வொரு முறையும் எத்தனை எண்கள் தவறின என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டரில் தவறினால் இழப்பு ஏதும் இல்லை. காலை, மாலை, மருந்துக்கு முன், மருந்துக்குப் பின் என ஒரு வாரம் குறித்து, அடுத்த முறை வரும்போது அந்தத் தாளைக் கொண்டு வாருங்கள். எந்த நேரத்தில், எந்த நிலையில் உங்கள் கை நன்றாக வேலை செய்கிறது என்பதை அது எங்களுக்குத் தெளிவாகக் காட்டும்.

உடனிருந்து கவனிப்போருக்கு

உங்கள் பணி எளிதானதன்று என்பதை நாங்கள் அறிவோம். மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது, அம்மா ஒரு பொத்தானை அழுத்த மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டால் பொறுமை குலைவது இயல்பே. ஆயினும் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறோம்.

கைபேசியை வாங்கிக்கொள்வதற்குப் பதிலாக, கைபேசியை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அழுத்துவது அவர் விரலாக இருக்கட்டும். அவருடைய கையைப் பிடித்து அழுத்தச் செய்யும் முன் கேளுங்கள். பார்த்துக்கொண்டே நின்றால் பதற்றம் கூடி நடுக்கமும் கூடும். ஆகவே அவர் முயலும்போது சற்றே வேறு பக்கம் பாருங்கள். அவசரமில்லாத வேலைகளுக்கு வீட்டில் நேரம் ஒதுக்குங்கள். யுபிஐ இரகசிய எண்ணை நீங்கள் வைத்திருப்பதைவிட, நாளொன்றுக்கு அனுப்பும் தொகையின் வரம்பை அவரோடு பேசிக் குறைத்து வைப்பது இருவருக்கும் நல்லது. அவர் சார்பில் நீங்கள் அழுத்த நேர்ந்தால், திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர் ‘சரி’ என்ற பிறகு அழுத்துங்கள். விரல் உங்களுடையதானாலும் முடிவு அவருடையதாக இருக்கும்.

சில நாள்களில் எந்த வழியும் பலிக்காது. களைப்பு மிகுந்த நாளில் ஒரு செயலைத் தள்ளிப்போடுவது தோல்வியன்று. மறுநாள் காலை அதே கை அதே வேலையைச் செய்துவிடக்கூடும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கை நடுக்கம் புதிதாகத் தோன்றினாலோ, வழக்கத்தைவிட விரைவாகக் கூடினாலோ, ஒரு பக்கக் கையில் மட்டும் தொடங்கினாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எசென்ஷியல் ட்ரெமருக்குத் தரப்படும் ப்ரொப்ரானோலால் போன்ற மருந்துகள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஏற்றவையல்ல. ஆகையால் தெரிந்தவருக்குக் கொடுத்த மருந்தை வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

நீரிழிவு நோயாளி ஒருவருக்குத் திடீரென வியர்வை, படபடப்பு, பசியுடன் கை நடுங்கினால் இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கலாம். அவர் நினைவுடன் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை உடனே கொடுத்து, கால் மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். நினைவு தடுமாறியிருந்தால் வாய்வழியாக எதுவும் தராமல் 108 எண்ணை அழையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை வலுவிழத்தல், பேச்சு குழறுதல் ஆகியவை திடீரென ஏற்பட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போதும் உடனே 108 எண்ணை அழைக்க வேண்டும்.

அடுத்த முறை எங்கள் பிரிவுக்கு வரும்போது, நீங்கள் வீட்டில் பயன்படுத்தும் கைபேசியையோ மடிக்கணினியையோ உடன் கொண்டு வாருங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் அதிலேயே அமர்ந்தபடி வரலாம். உங்கள் கருவியில், உங்கள் கைக்கு ஏற்றபடி, உங்களோடு சேர்ந்தே இந்த அமைப்புகளைச் செய்து தருவோம். எந்தப் பொத்தானை அழுத்துவது உங்களுக்கு இன்று இயலவில்லை என்பதை மட்டும் முதலில் சொல்லுங்கள்; அங்கிருந்தே தொடங்கலாம்.